கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர்: இது யாருக்குப் பாதுகாப்பு?

டெல்டா_சிஸ்டர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் இடத்தில் ஆபரேஷனுக்கு வரும் எல்லோருக்கும் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றும் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்று பாசிட்டிவ் என்றால் கேஸ் ஷீட் அட்டையில் வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர். கட்டில் தலைமாட்டிலும் அதே ஸ்டிக்கர். அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு பி.பி. பார்க்கக்கூட இரண்டு ஜோடி கிளவுஸ் போட்டுக்கொள்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். தியேட்டர் லிஸ்டில் எப்போதும் கடைசி கேஸ்.

பக்கத்துக் கட்டிலில் ஸ்டிக்கர் இல்லாதவருக்கு வெறுங்கையால் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய் ஊசி) போடுகிறோம். ராத்திரி பைக் ஆக்சிடெண்டில் ரத்தம் ஒழுக வருகிறவருக்கு ரிப்போர்ட் ஏது? அவரை அப்படியே தூக்கிப் படுக்க வைக்கிறோம்.

போன வாரம் ஒரு அம்மாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர், வார்டே கேட்கிற மாதிரி, "சிஸ்டர், இந்தக் கட்டிலுக்கு மட்டும் ஏன் சிவப்பு?" என்று கேட்டார். அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிர்வாகத்திடம் பேசினால், "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்கிறார்கள். நிஜமாகவே இது பாதுகாப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

திருச்சி_மலர்

நல்ல கேள்வி, தங்கச்சி. நான் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். நேரடியாகச் சொல்கிறேன்: ஸ்டிக்கர் பாதுகாப்பே இல்லை. ஸ்டிக்கர் இல்லாத கட்டிலில் நம்மை அசட்டையாக இருக்க வைக்கிறது என்பதால், அது ஆபத்து.

தொற்று ஏற்பட்டுச் சில வாரங்கள் வரை டெஸ்ட் நெகட்டிவ் என்றே வரலாம். நாம் பார்ப்பது மூன்று வைரஸ். ரத்தத்தில் வரக்கூடியவை அதோடு முடியவில்லை. ஆக, "நெகட்டிவ்" என்று எழுதியிருக்கிற பேப்பர் யாருடைய ரத்தத்துக்கும் நற்சான்றிதழ் கிடையாது.

1980-களில் எய்ட்ஸ் வந்தபோதுதான் உலகம் இதைக் கற்றுக்கொண்டது. யாரிடம் இருக்கிறது என்று தேடி ஒதுக்குவதை விட்டுவிட்டு, எல்லோருடைய ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே நினைத்து வேலை செய் என்றார்கள். அதை விரித்து 1996-ல் வந்த பெயர்தான் நிலையான முன்னெச்சரிக்கை, நாம் 'ஸ்டாண்டர்ட் ப்ரிகாஷன்ஸ்' என்று சொல்வது. இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில்தான். 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தார்கள். அங்கே தொடங்கிய ஊர்க்காரர்கள் நாம், இத்தனை வருஷம் கழித்தும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு ரொம்ப வேதனை.

சட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சையில் பாகுபாடு கூடாது, ஒருவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது, ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் தர வேண்டும் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. கட்டில் தலைமாட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவது நோயாளியின் நிலையை ஊருக்குச் சொல்வதுதான்.

---

தியேட்டர்_மணி

மலர் மேடம் மன்னிக்கணும், நான் ஒத்துக்க மாட்டேன். தியேட்டர் டெக்னீஷியன் நான். எலும்பு ஆபரேஷன்ல டிரில் போடும்போது ரத்தம் தெறிக்கிறது கண்ணாடி போட்டவனுக்குத்தான் தெரியும். பாசிட்டிவ்னு முன்னாடியே தெரிஞ்சா நாங்க இன்னும் ஜாக்கிரதையா இருப்போம். இது ஒதுக்கறது இல்ல, உயிர் பயம். எனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க. கடைசி கேஸா போட்டா ரூமை நல்லா கழுவி விடலாம். அதுல என்ன தப்பு?

---

நுண்ணோக்கி

மணி அண்ணா, உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நுண்ணுயிரியல் துறையில் இருக்கிறேன். கணக்கைப் பாருங்கள்.

பாசிட்டிவ் ஆள் மேல் குத்திய ஊசி உங்களைக் குத்தினால், எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் சி 2 சதவீதத்துக்கும் கீழே. ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவர்களுக்கு, 6 முதல் 30 சதவீதம் வரை. நம் ஆட்கள் எதற்கு அதிகம் நடுங்குகிறார்கள், எது உண்மையில் அதிகம் தொற்றுகிறது என்று பாருங்கள். அந்த ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். டிராலி விளிம்பில் பொட்டுப்போல ஒட்டியிருக்கிற ரத்தத்துக்கு ஸ்டிக்கர் கிடையாது.

இருப்பதிலேயே ஆபத்தான இந்த ஒன்றுக்குத்தான் தடுப்பூசியும் இருக்கிறது. 0, 1, 6 மாதம் என்று 3 டோஸ். கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது. நேரடியாகக் கேட்கிறேன் அண்ணா, உங்கள் டைட்டர் எவ்வளவு?

"தெரிந்தால் ஜாக்கிரதையாக இருப்போம்" என்கிறீர்கள். அந்த ஜாக்கிரதை என்ன? இரட்டைக் கிளவுஸ், கண்ணாடி, கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் கிட்னி டிரேயில் வைத்து நகர்த்துவது. டிரில் போடுகிற எல்லா எலும்பு கேஸுக்கும் இதைச் செய்யுங்கள் என்பதுதான் விதி. கடைசி கேஸ் விஷயமும் அப்படியே. ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் தியேட்டரை ஒரே மாதிரி சுத்தம் செய்தாக வேண்டும். பாசிட்டிவ் கேஸுக்குப் பிறகு மட்டும் "நல்லா" கழுவுகிறோம் என்றால், மற்ற கேஸுக்குப் பிறகு சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தமாகிறது. அடுத்து படுக்கிற நோயாளிக்கு அது நியாயமா?

ஒரு பழைய சம்பவம். 1847 மார்ச்சில் வியன்னா பொது மருத்துவமனையில் கொல்லெட்ஷ்கா என்ற டாக்டர் பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, சீழ் பிடித்து இறந்துபோனார். அவர் உடலில் கண்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்டது போலவே இருப்பதை நண்பர் செம்மல்வைஸ் கவனித்தார். பிணவறையிலிருந்து டாக்டர்கள் கையில்தான் ஏதோ பிரசவ வார்டுக்கு வருகிறது என்று புரிந்துகொண்டு, குளோரின் கலந்த நீரில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்றார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த மரணம் ஜூனில் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. எந்தத் தாய்க்குக் காய்ச்சல் வரும் என்று அவர் தேடவில்லை. எல்லோரையும், ஒவ்வொரு தாயையும் தொடுவதற்கு முன்பு கழுவ வைத்தார். கிருமி என்றால் என்னவென்றே உலகம் ஒத்துக்கொள்ளாத காலம் அது.

---

கலா_மதுரை

டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லாரும் பேசுறீங்க. எங்கம்மா பத்தி யாரும் பேசல, அதான் எழுதுறேன்.

எங்கம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பெரிய ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். மஞ்சள் பையை முடிச்சுப் போட்டுத் தூக்கும்போது தொடையில ஊசி குத்திருச்சு. மஞ்சள் பையில ஊசி எப்படி வந்துச்சு? ஊசிக்கு வெள்ளை டப்பா இருக்குல்ல? டிரெஸ்ஸிங் பண்ணி முடிச்ச ஆளு பஞ்சு, காஸ், ஊசி எல்லாத்தையும் டிரேயோட கவுத்து விட்டுட்டுப் போயிருக்காங்க. யாருக்குப் போட்ட ஊசின்னு எங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்? பையில ஸ்டிக்கர் ஒட்டிருக்கா?

சூப்பர்வைசர்கிட்ட சொன்னா "டெட்டால் போட்டுக் கழுவுக்கா, ஒண்ணும் ஆகாது"ன்னுட்டாரு. தடுப்பூசி கேட்டதுக்கு "அது ஸ்டாஃபுக்கு மட்டும்தான்"னாங்க. எங்கம்மா ஸ்டாஃப் இல்லையாம். அவங்க குப்பையை அள்ளலேன்னா அந்த வார்டு ஒரு நாள் ஓடுமா? ஆறு மாசம் வீட்ல யாரும் நிம்மதியாத் தூங்கல. கடைசியில ரிப்போர்ட் எல்லாம் நல்லபடியா வந்துச்சு. ஆனா அந்த ஆறு மாசத்தை யாரு திருப்பித் தருவா?

---

திருச்சி_மலர்

கலா, உங்கம்மாவிடம் சொல்லுங்கள்: தடுப்பூசி அவர்களுக்குச் சட்டம் தந்த உரிமை. மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஐ எடுத்துப் பாருங்கள். கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கும் "மற்றவர்களுக்கும்" ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. வேலையில் சேரும்போதும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரர் ஆள் என்று கைகழுவ முடியாது.

மற்றவர்களுக்கு ஒரு நினைவூட்டல். ஊசி, பிளேடு எல்லாம் குத்தினால் உள்ளே போகாத வெள்ளை டப்பாவுக்கு. ரத்தம் பட்ட பஞ்சு, காஸ் மஞ்சளுக்கு. டியூப், கதீட்டர், ஊசி நீக்கிய சிரிஞ்ச், கிளவுஸ் சிவப்புக்கு. கண்ணாடிக் குப்பிகள் நீலத்துக்கு. எல்லோருக்கும் இது மனப்பாடம். பிறகும் ஏன் ஊசி மஞ்சளுக்குப் போகிறது? வெள்ளை டப்பா நர்சிங் ஸ்டேஷனில் இருக்கும், ஊசி போடும் கட்டில் வார்டின் கடைசியில் இருக்கும். கையில் திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்? மூடியைத் திரும்ப மாட்டப் பார்ப்பார்கள், அங்கேதான் பல பேருக்குக் குத்துகிறது. இல்லாவிட்டால் டிரேயில் போட்டு மறந்துபோவார்கள். டப்பாவும் ஹப் கட்டரும் (சிரிஞ்சிலிருந்து ஊசியை வெட்டி எடுக்கும் கருவி) டிராலியோடு கட்டில் பக்கம் வர வேண்டும். டப்பா முக்கால் நிரம்பியதும் மூடி மாற்ற வேண்டும். வழிய வழியத் திணிப்பதால்தான் மேலே நீட்டிக்கொண்டு குத்துகிறது.

---

டெல்டா_சிஸ்டர்

கலா எழுதியதைப் படித்து எங்கள் வார்டு ஆயாம்மாவிடம் கேட்டேன். ஒரு டோஸ்கூடப் போட்டதில்லையாம். மலர் அக்கா, குத்திவிட்டால் உடனே என்ன செய்வது என்று இங்கேயே எழுதிவிடுங்கள். எங்கள் இடத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

---

திருச்சி_மலர்

குத்தின இடத்தைப் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், ஸ்பிரிட், பிளீச்சிங், டெட்டால் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் சுத்தமான நீரால் நன்றாக அலசுங்கள். அடுத்த நிமிடமே சொல்லுங்கள். ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயன் இல்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. ஹெபடைடிஸ் பி-க்கு, தடுப்பூசி போடாதவர் என்றால் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார் எதிர்ப்பொருள் ஊசி) தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரிந்தால், அவரிடம் சம்மதம் கேட்டு டெஸ்ட் எடுக்கலாம்.

---

சேலம்_ராஜா

நோயாளி வீட்டுக்காரனா ஒரு சந்தேகம். அப்பாவுக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். அங்கேயும் பாசிட்டிவ்காரங்களுக்குத் தனி மெஷின்னு வெச்சிருக்காங்க. ஸ்டிக்கர் தப்புன்னா அதுவும் தப்பா? இன்னொண்ணு, அங்க டெக்னீஷியன் ஒரே கிளவுஸோட நாலு மெஷின் பட்டனையும் அமுக்கிட்டு, டிராயரைத் திறந்து, போன் பேசிட்டு, அப்புறம் அப்பா கையிலேயும் கை வைக்கிறார். கேட்டா "கிளவுஸ் போட்டிருக்கேன் சார்"ங்கிறார்.

---

நுண்ணோக்கி

நல்ல இடத்தில் கேட்டீர்கள் ராஜா. டயாலிசிஸில் ஹெபடைடிஸ் பி-க்குத் தனி மெஷின், தனி அறை சரிதான். ரத்தத்தில் அந்த வைரஸ் அவ்வளவு அதிகமாக இருக்கும், மேற்பரப்பிலும் நாள் கணக்கில் தங்கும், அதனால் அந்த விலக்கு. ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும் தனி மெஷின் கட்டாயம் என்று விதி சொல்லவில்லை. நம் ஊரில் பல இடங்களில் சி-க்கும் பிரித்து வைக்கிறார்கள். பிரித்து வைப்பது தப்பில்லை. பிரித்துவிட்டோம் என்று மற்றதில் கோட்டைவிடுவதுதான் தப்பு.

டயாலிசிஸ் யூனிட்டில் ஹெபடைடிஸ் சி பரவும்போது நான் முதலில் பார்ப்பது ஹெபாரின் (ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து) குப்பியைத்தான். பல டோஸ் எடுக்கிற குப்பி டிராலியில் கட்டில் கட்டிலாகப் போகிறதா? ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சையே மறுபடி குப்பிக்குள் விட்டால் முடிந்தது. மருந்தை ரத்தம் படாத தனி மேஜையில், நோயாளி பக்கத்துக்கு வராமல் நிரப்பி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொண்டுபோக வேண்டும். அடுத்த முறை போகும்போது இதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

கிளவுஸ் அந்த டெக்னீஷியனைத்தான் காக்கிறது, உங்கள் அப்பாவை இல்லை. ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி. கழற்றியதும் கை சுத்தம், ஏனென்றால் கழற்றும்போதே கையில் ஒட்டும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் இருக்கும். ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி. கிளவுஸ் மேலேயே ஹேண்ட் ரப் தடவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவது கூடாது.

டெல்டா சிஸ்டர், பி.பி. பார்க்க, காய்ச்சல் பார்க்க, தசையில் ஊசி போடக்கூட உலக சுகாதார நிறுவனம் கிளவுஸ் கேட்கவில்லை. சுத்தமான கை போதும். வென்ஃப்ளானுக்குத்தான் கிளவுஸ் வேண்டும். உங்கள் வார்டில் நேர்மாறாக நடக்கிறது.

---

பாலக்காட்டுத்_தமிழன்

இந்தப் பக்கம் எல்லாருக்கும் 2018 மே மாசம் மறக்காது. கோழிக்கோடு மாவட்டத்துல பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரிக்கு முதல் நோயாளி வந்தப்ப அது நிபா வைரஸ்னு யாருக்கும் தெரியாது. சாதாரணக் காய்ச்சல்னு பார்த்தாங்க. அவரைக் கவனிச்ச நர்ஸ் லினி இறந்துபோனாங்க. அப்புறம் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல, ஸ்கேன் அறைக்கு வெளியே தாழ்வாரத்துல கூட்டத்தோட நின்னவங்களுக்கே தொத்திச்சு. நோயோட பேரைக் கண்டுபிடிச்சது அந்த முதல் நோயாளியோட அண்ணன் நோயில விழுந்ததுக்கு அப்புறம்தான். நோய்க்குப் பேர் தெரியறதுக்கு முன்னாடி ஸ்டிக்கர் எங்க ஒட்டுறது? இருமலோட வர்றவருக்கு வாசல்லயே மாஸ்க் குடுத்துத் தள்ளி உட்கார வெச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

---

யாழ்_நிலா

வணக்கம். யாழ்ப்பாணத்தில நெஞ்சு நோய் கிளினிக் ஒண்டில வேலை செய்யிறன். ரத்தத்தைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறியள், காத்தைப் பற்றியும் சொல்ல வேணும். சளி ரிப்போர்ட் வாற வரைக்கும் எங்களுக்கு ஆருக்குக் காசநோய் எண்டு தெரியாது. அதுக்குள்ள அவை வரிசையில கன நேரம் இருமிக்கொண்டு இருப்பினம்.

கனபேர் நினைக்கினம் ஏசி போட்டா காத்துச் சுத்தம் எண்டு. ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்து ஒரு சொட்டும் கொண்டு வராது, உள்ளுக்க இருக்கிறதையே சுத்திச் சுத்தி விடும். ஜன்னலைத் திறந்து விட்டா அதைவிட எவ்வளவோ மேல். மணித்தியாலத்துக்கு 12 தரம் காத்து மாறுற அறையில கிருமியில 99 வீதம் போக 23 நிமிசம் காணும். 2 தரம் மாறுற அறையில 138 நிமிசம் வேணும். டொக்டரின்ர கதிரையைக் காத்து வாற ஜன்னல் பக்கம் போடுங்கோ, காத்து அவரைக் கடந்து நோயாளியிட்டப் போய் மற்றப் பக்கத்தால வெளியில போகோணும். கதிரை மேசையை மாத்திப் போட ஒரு சதமும் செலவில்லை. எங்கட இடத்தில முதல் செய்தது அதுதான். நோயாளிக்குச் சாதாரண சேர்ஜிக்கல் மாஸ்க், எங்களுக்கு என்95.

---

நுண்ணோக்கி

நிலா சொன்னதை நூற்றுக்கு நூறு ஆமோதிக்கிறேன். தாம்பரம் சானடோரியத்தை (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) 1928-ல் டாக்டர் சௌரி முத்து திறந்தவெளியும் மரமுமாகத் தொடங்கியதற்குப் பின்னால் காற்றின் மேல் இருந்த நம்பிக்கைதான். பிறகு 1956-ல் சென்னையில் நடந்த ஆய்வில், மாத்திரையோடு வீட்டிலேயே இருந்த காசநோயாளிகளும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஒரே மாதிரி குணமானார்கள். வீட்டு ஆட்களுக்குத் தொற்றும் கூடவில்லை. மருந்து தொடங்கியவர் சீக்கிரமே பரப்புவதைக் குறைத்துவிடுகிறார். ஆபத்து, நோய் இன்னதென்று தெரியாமல் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம்தான்.

---

தியேட்டர்_மணி

நுண்ணோக்கி சார், டைட்டர் கேட்டீங்க. மூணு டோஸ் போட்டிருக்கேன், டைட்டர் பார்க்கணும்னே எங்ககிட்ட யாரும் சொல்லல. நாளைக்கே குடுக்கறேன். எல்லா கேஸுக்கும் இரட்டைக் கிளவுஸ், கண்ணாடின்னா நான் ரெடி. ஆனா ஸ்டோர்ல அதுக்கு ஏத்த ஸ்டாக் குடுக்கணும். ஒரு கண்ணாடியை மூணு பேர் மாத்தி மாத்திப் போடறோம். பாசிட்டிவ் கேஸுக்கு மட்டும்தான் கிட் வெளிய வருது. ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு நிஜமான காரணம் எங்க பாதுகாப்பு இல்ல, கிட் செலவுன்னு இப்பத் தோணுது.

---

திருச்சி_மலர்

மணி அண்ணா, இழையின் மையத்தைத் தொட்டுவிட்டீர்கள். டெல்டா தங்கச்சி, "ஸ்டிக்கரை எடுங்கள்" என்று மட்டும் கேட்டால் நிர்வாகம் எடுத்துவிடும், ஊழியர்கள் பயத்தில் வேறு அடையாளம் கண்டுபிடிப்பார்கள். ஓர் இடத்தில் ஸ்டிக்கரை எடுத்ததும் பேனாவால் நட்சத்திரம் போட ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லா கேஸுக்கும் போதுமான கண்ணாடி, கிளவுஸ், டிராலிக்கு ஒரு ஹப் கட்டர், கட்டிலுக்கு எட்டுகிற ஹேண்ட் ரப், ஆயாம்மா வரைக்கும் தடுப்பூசி. முதலில் இவற்றை எழுத்தில் கேளுங்கள். அதே கடிதத்தில் ஸ்டிக்கரையும் எழுதுங்கள்.

---

டெல்டா_சிஸ்டர்

கடிதம் கொடுத்துவிட்டேன். தொற்றுக் கட்டுப்பாட்டுக் கமிட்டியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தலைமாட்டு ஸ்டிக்கரை மட்டும் இன்றைக்கே எடுக்க நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடம் ஒத்துக்கொண்டார்கள். தடுப்பூசிக்கு ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் பட்டியல் கேட்டேன், ஒப்பந்தக்காரரிடம்தான் இருக்கிறது என்கிறார்கள். கலா, அதை எப்படி வாங்குவது?

---

கலா_மதுரை

ஒப்பந்தக்காரர்கிட்ட போகாதீங்கக்கா, இழுத்தடிப்பாங்க. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்கிட்ட தினசரி அட்டெண்டன்ஸ் நோட்டு இருக்கும், அதுல எல்லாப் பேரும் இருக்கும். நைட் ஷிஃப்ட் நோட்டு தனி, அதையும் கேட்டு வாங்குங்க. லாண்டரியில துணி பிரிக்கிறவங்களையும், கழிவு ரூம்ல பையை எடை போடுறவரையும் சேர்த்துக்கோங்க. அவங்க பேரு பெரும்பாலும் ரெண்டு நோட்டுலயும் இருக்காது.